ஊர் வரலாறு எழுத நூலகம் இணையத்தளம் எவ்வளவு கைகொடுக்கும்?

ஊர்ச் சங்கமொன்று "எங்கட ஊரின்ர வரலாற்றைப் புத்தகமாப் போடுவம்" என்று தீர்மானம் எடுத்தால் வழக்கமாக நடப்பது இதுதான்: ஏற்கெனவே வந்த ஓரிரு ஊர் நூல்களைத் தேடி எடுப்பார்கள், அவற்றில் உள்ளதையே கொஞ்சம் மாற்றி எழுதுவார்கள், முன்பக்கங்களை வாழ்த்துரைகளால் நிரப்பி அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதே பழக்கத்தோடு 'நூலகம்' என்ற எண்ணிம ஆவணத் தளத்துக்குள் போகிறவருக்கு அது பழைய புத்தகங்களின் பி.டி.எஃப் கிடங்காக மட்டுமே தெரியும். யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றைப் பற்றி எழுதுகிறவருக்கு அந்தத் தளத்தின் உண்மையான பெறுமதி வேறு தட்டில் இருக்கிறது. நினைவு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், விளையாட்டுக் கழக ஆண்டு மலர்கள் என்று வீட்டில் யாரும் பத்திரப்படுத்தாத, நூலகங்களும் பட்டியலிடாத கடதாசிகள்தான் அந்தத் தட்டு. இந்த மதிப்பீடு அதைப் பற்றியதே.

தளம் 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் எழுத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்ப்பது அதன் வேலை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியை வைத்திருப்பதன் ஆபத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தளத்தில் வாசிக்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கணக்குத் திறக்கவும் வேண்டாம். ஒலி, ஒளி, படம், ஓலைச்சுவடி போன்றவை 'ஆவணகம்' என்ற தனித் தளத்தில் இருக்கின்றன. இரண்டிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். இதைக் கவனிக்காமல் "எங்கட ஊர்ப் படம் ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தேடும் முறை

தளம் விக்கி அமைப்பில் இயங்குகிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பக்கம்: நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்களின் தொகை, பி.டி.எஃப் இணைப்பு, கோப்பின் அளவு. பல நூல்களுக்கும் இதழ்களுக்கும் உள்ளடக்கப் பட்டியலையும் தட்டெழுதி வைத்திருக்கிறார்கள். எனவே ஒரு சஞ்சிகையின் நடுவில் உங்கள் ஊரைப் பற்றி வந்த நான்கு பக்கக் கட்டுரையும், தலைப்பில் ஊர்ப் பெயர் இருந்தால், தேடலில் அகப்படும். சிலவற்றுக்கு எழுத்துணரியாக்கம் செய்த, அதாவது பக்கத்தின் படத்திலிருந்து இயந்திரம் வாசித்து எடுத்த, பாடமும் உண்டு. அது திருத்தப்படாதது. பழைய அச்சில் 'ர'வும் துணைக்காலும் ஒரே உருவம். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, ளை வடிவங்கள் இயந்திரத்துக்குக் குழப்பம். அந்தப் பாடத்தைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்தி, மேற்கோளைப் படத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

தேடல் வெறுங்கையோடு திரும்புவதற்கு முதற் காரணம் ஊர்ப் பெயரின் வடிவங்கள். புலவர்களும் மலர்க்குழுக்களும் வல்வெட்டித்துறையை வல்வை என்றும், இணுவிலை இணுவை என்றும், மாவிட்டபுரத்தை மாவை என்றும், அளவெட்டியை அளவை என்றும் எழுதுவார்கள். காரைநகர் ஒரு காலத்தில் காரைதீவு; அதே பெயரில் கிழக்கிலும் ஓர் ஊர் இருப்பதால் விடைகள் கலந்து வரும். காங்கேசன்துறை, காங்கேசந்துறை இரண்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். 'யாழ்/', 'யா/' என்ற முன்னொட்டோடு பாடசாலைப் பெயர்கள் பதிவாகியிருக்கும். அதை விட்டுவிட்டு ஊரையும் பாடசாலையின் பழைய பெயரையும் சேர்த்துத் தேடுவது நல்லது. ஆங்கில ஆவணங்களுக்குப் போகிறவர்கள் மிஷனரிமார் எழுதிய கோலத்தையும் தெரிந்திருக்க வேண்டும். 1816இல் வந்த அமெரிக்க இலங்கை மிஷனின் அறிக்கைகளில் வட்டுக்கோட்டை 'பட்டிக்கோட்டா', உடுவில் 'ஊடூவில்', தெல்லிப்பழை 'தில்லிப்பள்ளி', மானிப்பாய் 'மானெப்பி'.

'ஆளுமை' என்று தொடங்கும் பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பெரிய இழப்பு அடைகிறார்கள். மேலே உள்ள வாழ்க்கைக் குறிப்பு ஐந்தாறு வரிதான்; புதிதாக எதுவும் இராது. ஆனால் அடியில் 'வளங்கள்' என்ற பகுதியில் எந்த நூலக எண்ணின் எந்தப் பக்கங்களில் அவரைப் பற்றி இருக்கிறது என்று போட்டிருப்பார்கள். உங்கள் ஊரில் பிறந்த அண்ணாவியார், வைத்தியர், தலைமையாசிரியர் பத்துப் பேரின் ஆளுமைப் பக்கங்களைத் திறந்து அந்த எண்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வரும் எண் எதுவோ அதுதான் உங்கள் ஊருக்கான அடிப்படை நூல். இந்த வழி தேடற்பெட்டியை விட விரைவானது.

நினைவு மலர்கள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டியோடு ஒரு சிறு புத்தகம் அடித்து வருவோருக்குக் கொடுப்பது வழக்கம். 'கல்வெட்டு' என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் தேவாரம், திருவாசகம், கந்தர் சஷ்டி கவசம் இருக்கும். அவற்றுக்கு முன்னே வாழ்க்கைக் குறிப்பு, பின்னே குடும்ப மரம். இந்தப் பின்பக்கம்தான் எங்களுக்குத் தேவையானது. வம்சாவழியை நாலைந்து தலைமுறைக்கு, பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் எல்லாம் குறித்து அச்சடித்திருப்பார்கள். ஒரே ஊரின் முப்பது நாற்பது மலர்களை அருகருகே வைத்தால் எந்தக் குறிச்சி எந்த ஊரோடு கலந்தது, யார் எப்போது மலாயாவுக்குப் போனார்கள், யார் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தார்கள் என்பது துலங்கும். வேறெந்த ஆவணமும் இதை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லாது.

குறைகளும் அதே அளவு. இறந்தவரைப் பற்றி நல்லதுதான் எழுதப்படும், அது இயல்பு. பிணக்குப்பட்ட கிளை மரத்தில் விடுபட்டிருக்கும். பெண்கள் 'இன்னாரின் பாரியார்' என்று மட்டும் வந்து பெயரில்லாமல் போவார்கள். ஒரு திகதியை ஏற்பதற்கு முன் இரண்டு வெவ்வேறு குடும்பங்களின் மலர்களில் அது பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே வீட்டின் இரண்டு மலர்கள் ஒரு சாட்சியாகவே கணக்கு, ஏனென்றால் இரண்டாவது முதலாவதைப் பார்த்து எழுதப்பட்டது.

கோயில் மலர்களும் பாடசாலைச் சஞ்சிகைகளும்

கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை என்பது விதி. யுத்தமும் இடப்பெயர்வும் அதைக் குலைத்தாலும், ஒரு கோயிலுக்கு மூன்று நான்கு மலர்கள் கிடைத்தால் அரை நூற்றாண்டு கைக்குள் வந்துவிடும். தலவரலாற்றுக் கட்டுரையை அவசரமாக நம்ப வேண்டாம். பறங்கியர் இடித்தார்கள், ஒல்லாந்தர் காலத்தின் கடைசியில் கொட்டிலாக எழும்பியது, பின்பு கற்கோயிலானது என்ற கதை ஏறக்குறைய எல்லா மலரிலும் ஒரே அச்சில் வரும். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதும் கோயில்கள் அழிந்ததும் உண்மை. ஆனால் உங்கள் ஊர்க் கோயில் அவற்றில் ஒன்றா என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

நேரே திருவிழா உபயகாரர் (செலவை ஏற்று நடத்துபவர்) பட்டியலுக்குப் போங்கள். முதலாந் திருவிழா யாருடையது, வேட்டை யாருடையது, சப்பறம், தேர், தீர்த்தம் யாருடையவை என்று பாருங்கள். ஊரின் அதிகார வரிசை அப்படியே அங்கே நிற்கும். இரண்டு மலர்களின் பட்டியலை ஒப்பிட்டால் யார் உயர்ந்தார்கள், எந்தத் திருவிழா கைமாறியது, எப்போது 'பொது உபயம்' ஆனது என்பது தெரியும்.

அதற்கடுத்துப் பயனுள்ளது விளம்பரப் பக்கங்கள். ஸ்கான் செய்கிறவர்கள் சிலர் இவற்றை 'வெறும் விளம்பரம்' என்று விட்டுவிடுவதுண்டு. அது பெரும் பிழை. 1983 ஜூலைக்கு முந்தைய மலர்களில் கொழும்பு, இரத்தினபுரி, பதுளை, மாத்தறைக் கடைகளின் விளம்பரங்கள் முகவரியோடு வரும். தீவுப்பகுதி ஊர்களின் மலர்களில் இது மிக அதிகம். பிந்திய மலர்களில் அந்த இடத்தில் ரொறன்ரோ, லண்டன், சூரிச். ஊர்மக்கள் எங்கெங்கே தொழில் செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

தமிழ் வருடப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 'விகாரி வருஷம் ஆவணி' என்று மட்டும் இருந்தால் அது 1899ஆகவோ 1959ஆகவோ 2019ஆகவோ இருக்கலாம். 60 ஆண்டுச் சுற்று. குருக்களின் பெயர், அச்சகத்தின் பெயர், எழுத்துவடிவம் மூன்றையும் பார்த்தே எந்தச் சுற்று என்று முடிவெடுக்க வேண்டும். தை முதல் பங்குனி முடிய உள்ள மாதங்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும் என்பதும் அடிக்கடி மறந்துபோகும்.

பாடசாலைச் சஞ்சிகைகளில் பரிசளிப்பு விழா அறிக்கையைப் பிடியுங்கள். மாணவர் தொகை, ஆசிரியர் பெயர், கட்டடம் எழுந்த ஆண்டு, காணி கொடுத்தவர் எல்லாம் அதில் இருக்கும். 1960 இறுதியில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதற்கு முந்தைய நிர்வாகத் தாள்கள் பாடசாலை அலுமாரியில் இராமல் மிஷனிடமோ சைவ வித்தியா விருத்திச் சங்கத்திடமோ இருந்தவை. ஆகவே 'பாடசாலையில் ஒன்றும் இல்லை' என்று அதிபர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். அதற்காகத் தேடலை நிறுத்த வேண்டாம்.

பத்திரிகைகளை கடைசியாகத் திறக்கலாம். 1841இன் உதயதாரகை தொடங்கி, 1889இன் இந்து சாதனம், 1930இல் சுன்னாகத்திலிருந்து வந்த ஈழகேசரி, 1959இன் ஈழநாடு என்று யாழ்ப்பாணத்துக்கு நீண்ட மரபு உண்டு. ஆனால் தளத்தில் தொடர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. கிடைத்த இதழ்கள் கிடைத்தபடி இருக்கும். நாளிதழ்களில் பெரும்பாலும் செய்தி வாரியான பட்டியல் இராது. இதழ்ப் பக்கங்கள் 'பெயர் ஆண்டு.மாதம்.நாள்' என்ற ஒழுங்கில் இருப்பதால், மலர்களிலிருந்து திகதியை எடுத்துக்கொண்டு போனால் வேலை சுலபம். திகதி இல்லாமல் போனால் நாள் முழுக்கத் தாள் புரட்டலாம், கையில் ஒன்றும் மிஞ்சாது.

எது அங்கே இல்லை

சில பக்கங்களில் விபரம் மட்டும் இருக்கும், கோப்பு திறக்காது. உரிமை அனுமதி கிடைக்காதவை அவை. அவசரமென்றால் உசாத்துணைப் பகுதி வழியாகக் கேட்கலாம். காணி உறுதிகளை இங்கே தேட வேண்டாம். காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். ஒல்லாந்தர் தோம்புகளும் (காணிப் பதிவேடுகள்), 1869 முதல் 1896 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த துவைனம் போன்றவர்களின் நிர்வாகத் தாள்களும் கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தின் பக்கம். பழைய ஒரு அங்குல வரைபடத் தாள்களுக்கு நில அளவைத் திணைக்களம். ஊரின் குளம், கேணி, ஒழுங்கை, சுடலை எங்கெங்கே இருந்தன என்பதற்கு வரைபடம் இல்லாமல் எழுதவே கூடாது.

இன்னொரு வெறுமை ஆழமானது. அச்சடிக்க வசதி இருந்தவர்களின் ஊர்தான் அச்சில் இருக்கும். ஒடுக்கப்பட்ட சாதியினரின் குறிச்சிகளில் நினைவு மலர் அடித்த குடும்பங்கள் மிகக் குறைவு. 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தைக் கோயில் மலர்களை மட்டும் வைத்து எழுதினால் என்ன வருமென்று ஊகிக்கலாம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களின் வட்டாரங்களும் அப்படியே. ஒஸ்மானியாக் கல்லூரி மலர்களையும், புத்தளம் பக்கம் போனவர்களின் வெளியீடுகளையும் தனியாகத் தேட வேண்டும். இது தளத்தின் குற்றமில்லை. ஆனால் தளத்தில் இல்லாததை ஊரில் இல்லாததாக எழுதுகிறவரின் குற்றம். இந்தப் பகுதிகளுக்குச் சனசமூக நிலையக் கூட்டக் குறிப்புகள், கூட்டுறவுச் சங்கப் பதிவேடுகள், தொழிலாளர் சங்கத் துண்டுப்பிரசுரங்கள், அவற்றுக்கு மேலாக வாய்மொழிப் பதிவு. பதிவு எடுக்கும்போது எம்.பி.3 வேண்டாம், 'வேவ்' வடிவில் 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் போதும். இரட்டை ஒலித்தடத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 630 மெகாபைட் ஆகும். தொடக்கத்திலேயே பேசுபவரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம், திகதி, பதிவை வெளியிட அவருடைய சம்மதம் ஆகியவற்றை அவர் குரலிலேயே பிடித்துவிடுங்கள்.

கொடுக்கும் பக்கம்

இந்தச் சேவையின் தரம் ஊரார் கொடுப்பதைப் பொறுத்தது. 1990இல் இடம்பெயர்ந்து 2017க்குப் பிறகு திரும்பிய மயிலிட்டி போன்ற ஊர்களுக்கு, பழைய வீடும் கோயிலும் தெரியும் படங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வீடுகளின் றங்குப்பெட்டியில்தான் கிடக்கின்றன. ஊர்ச் சங்கங்கள் மண்டபம் கட்டக் காசு சேர்க்கும் அக்கறையில் பத்தில் ஒன்றை இதற்குக் காட்டினாலே போதும்.

முதலில் அந்த ஆவணம் ஏற்கெனவே இருக்கிறதா என்று தலைப்பு, வெளியீட்டாளர் இரண்டையும் வைத்துத் தேடுங்கள். இருந்தாலும் பக்கங்களை எண்ணுங்கள், நடுவில் தாள் கிழிந்த பிரதியாக இருக்கலாம். நேரில் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தால் மூலத்தையே கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் தட்டை ஸ்கானரில் 300 டி.பி.ஐ., 24 பிட் வண்ணம், 'டிஃப்' வடிவம். ஏ4 தாள் ஒன்று 26 மெகாபைட் வரும். 48 பக்க ஏ5 மலருக்கு 600 மெகாபைட்டுக்குச் சற்று மேல். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் நெருக்கப்பட்டு எல்லாம் வீண்; மின்வட்டிலோ மேகச் சேமிப்பிலோ அனுப்ப வேண்டும்.

கைத்தொலைபேசிச் செயலிகள் தாமாகவே கறுப்பு வெள்ளையாக்கிக் 'கூர்மை' செய்துவிடுகின்றன. அச்செழுத்துப் பளிச்சென்று தெரியும், ஆனால் ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதிய பெயரும் புகைப்படத்தின் முகங்களும் அழிந்துபோகும். அந்த வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள். புள்ளி அச்சுப் படங்களில் அலைக்கோலம் விழுந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் 600இல் எடுத்துப் பாருங்கள். தாள்களைத் தைத்த துருப்பிடித்த கம்பியை இழுத்துப் பிடுங்காமல், பின்பக்கக் கால்களை மழுங்கிய தட்டைக் கத்தியால் நிமிர்த்திய பிறகு எடுக்க வேண்டும். பத்திரிகைத் தாள் மடிப்பில் உடையுமென்றால் அழுத்தி விரிக்காமல் மேலிருந்து கமராவால் எடுப்பதே பாதுகாப்பு. அட்டை, உள்ளட்டை, வெற்றுப் பக்கம், விளம்பரம் எதையும் விடக் கூடாது.

அனுமதி விடயத்தில் அசட்டை வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் உரிமை நிலைக்கும். கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம் போன்றவற்றின் மலரென்றால் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அதில் மலரின் பெயர், ஆண்டு, இணையத்தில் இலவசமாக வெளியிட ஒப்புதல் என்ற மூன்றும் இருக்கட்டும். வாய்ச் சொல்லில் கிடைத்த ஒப்புதல் அடுத்த நிர்வாகசபையோடு போய்விடும். அண்மைக்கால நினைவு மலர்களில் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, வெளிநாட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் கூட வரும். குடும்பத்தில் மூத்த பிள்ளைகளிடம் கேட்காமல் இவற்றைக் கொடுக்காதீர்கள்.

ஸ்கான் எடுத்து முடிந்ததும் மூலத்தை எறிந்துவிடும் பழக்கம் பரவிவருகிறது. அது கூடாது. கோப்பு பழுதானால் திரும்ப எடுக்க அதுதான் இருக்கிறது. பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். நல்ல வெள்ளைத் தாளில் சுற்றி, சுவரில் முட்டாத, நிலத்திலிருந்து உயர்ந்த தட்டில் வையுங்கள். கறையான் பெரும்பாலும் சுவர் வழியாகத்தான் ஏறும்.